தாத்தா என்றால் யார்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி டவுனில் ஒரு கல்யாண வீடு. கொழும்பிலிருந்து வந்திருந்த நாலு வயதுப் பையன் ஒருவன், பந்தியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து "தாத்தா, தாத்தா" என்று கத்திக்கொண்டே ஓடினான். அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பக்கத்து இலையில் இருந்த ஆச்சி கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "ஏய்யா, இந்த வயசுலயே பேரன் எடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டார். பந்தியே சிரித்தது.

அவர் அந்தப் பையனின் அப்பா. என் சித்தப்பா மகன். கொழும்பில் கடை வைத்திருக்கிறார், சிங்களப் பெண்ணைக் கட்டியவர். நான் மொழியியல் படித்தவன் என்பதால் அன்றைக்குப் பந்தியில் தொடங்கிய கேள்விகள் இன்னும் என்னை விடவில்லை. சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பாவைத் தாத்தா என்று கூப்பிட அந்தப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அவன் அம்மாதான். சிங்களத்தில் 'தாத்தா' என்றால் அப்பா. தாத்தாவுக்கு அங்கே 'சீயா' என்று வேறு சொல் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் சிங்களத்தின் மற்ற உறவுச் சொற்களில் பல நமக்குப் பழக்கமானவை. அம்மா அம்மாதான், அக்கா அக்காதான், மாமா மாமாதான். 'அய்யா' மட்டும் கொஞ்சம் காலை வாரும். நம் பக்கம் அய்யா என்றால் அப்பாவோ தாத்தாவோ, அங்கே அண்ணன். சட்டை பழக்கமானதாகத் தெரிகிறது, உள்ளே நிற்கும் ஆள் வேறு.

பெண்களைத் தாத்தா என்று கூப்பிடுவதும் உண்டு என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். இலங்கை முஸ்லிம்களிடையே தாத்தா என்றால் அக்கா. கேரளத்தில் மாப்பிள்ளை முஸ்லிம்களிடமும் 'தாத்த', 'இத்தாத்த' என்றால் அக்காதான். நம் மேலப்பாளையம், காயல்பட்டினம் பக்கம் ராத்தா, லாத்தா என்பார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் இது அதிகம் காதில் விழுவதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி 1986 வரை நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் போய்வந்த காலம் நீண்டது. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஓடியதும் அந்தத் தடத்தில்தான். மேற்கே செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. இரண்டைத் தாண்டினாலும் தாத்தா ஆள் மாறிவிடுவார்.

இந்தியா, இலங்கையோடு சரியா, வேறு நாடுகளிலும் இந்தச் சொல் இருக்கிறதா?

இருக்கிறது, கொஞ்சநஞ்சமாக இல்லை. போலந்து மொழியில் 'தாதா' என்றால் அப்பா. ருமேனிய மொழியிலும் கிட்டத்தட்ட அதே ஒலி, அதே அப்பா. பழைய ரோமாபுரிக் குழந்தைகள் அப்பாவை 'தாத்தா' என்றுதான் கூப்பிட்டார்கள். மார்ஷியல் என்ற லத்தீன் கவிஞர், வயதான ஒரு பெண்மணி இன்னமும் 'மம்மா, தாத்தா' என்று குழந்தை மாதிரிப் பேசுவதைக் கேலி செய்து பாட்டு எழுதியிருக்கிறார். வேல்ஸ் நாட்டு மொழியில் 'தாட்'. கிழக்கே பிலிப்பைன்ஸில் 'தாத்தாய்' அப்பா. ஆப்பிரிக்காவில் காங்கோப் பகுதியின் லிங்காலா மொழியில் 'தாத்தா' அப்பா. தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியிலும் அப்படியே. நெல்சன் மண்டேலாவை அந்நாட்டு மக்கள் 'தாத்தா' என்று அழைத்தது அந்தப் பொருளில்தான். நம் செய்தித்தாளில் அதைப் படித்தவர்கள் வயதுக்கு மரியாதை என்று நினைத்திருப்பார்கள். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையில் பேசும் ஐமாரா மொழியிலும் தாத்தா, அப்பா.

சிலி நாட்டு ஸ்பானிஷில் நம்மைப் போலவே தாத்தாவுக்குத் தாத்தா. ஆனால் இத்தாலியில் 'தாத்தா' என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. பிரெஞ்சில் அத்தை அல்லது சித்தி.

எனக்குப் பிடித்தது செக் நாடு. அங்கே 'தாத்தா' அப்பா. நம்மில் பல வீடுகளில் தாத்தாவைப் 'பாட்டா' என்போம் இல்லையா? பாட்டா செருப்புக் கம்பெனி அந்த செக் நாட்டில் 1894இல் தொடங்கியது. அது நிறுவனரின் குடும்பப் பெயர், நம் பாட்டாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பாட்டா கம்பெனிக்காரர் வீட்டில் தாத்தா என்றால் அப்பா என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை.

உலகம் முழுக்க இருக்கிறதே! அப்படியென்றால் தமிழிலிருந்துதானே போயிருக்க வேண்டும்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். இதற்கு நான் சொல்லும் பதில்தான் கேட்பவர்களுக்குப் பிடிக்காது.

போகவில்லை. அங்கிருந்து இங்கே வரவும் இல்லை. ஒரு சொல் ஊர்விட்டு ஊர் போனால் தடம் விட்டுவிட்டுப் போகும். நம்ம ஊர் அல்வாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அரபியில் 'ஹல்வா' என்றால் இனிப்பு. அது பாரசீகம் வழியாக இந்திக்கும் உருதுவுக்கும் வந்து, நம்மிடம் ஹகரத்தைத் தொலைத்து அல்வா ஆனது. துருக்கியில் 'ஹெல்வா', கிரேக்கத்தில் 'ஹல்வாஸ்'. கோதுமைப் பாலில் கிண்டுகிறார்களா, எள்ளை அரைத்துச் செய்கிறார்களா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எங்கே போனாலும் அது இனிப்புப் பண்டம்தான். வணிகர்கள் போன வழியும் தெரிகிறது. இது கடன் சொல்.

இன்னொன்று பரம்பரைச் சொல். மூன்று என்பதைக் கன்னடத்தில் மூரு, தெலுங்கில் மூடு, மலையாளத்தில் மூன்னு என்கிறார்கள். பாகிஸ்தானில் பலுசிஸ்தானத்து பிராகுயி மொழியில் முசித். ஒன்றுபோல ஒலிக்காவிட்டாலும், எந்த ஒலி எந்த மொழியில் என்னவாக மாறும் என்று விதி சொல்லலாம். அதே விதி வேறு பத்துச் சொற்களுக்கும் பொருந்தும். உறவை நிரூபிப்பது அந்த ஒழுங்குதான், காதுக்கு ஒன்றுபோலப் படுவது இல்லை.

தாத்தாவிடம் இந்த இரண்டில் ஒன்றும் கிடையாது. போலந்துக்காரரும் காங்கோக்காரரும் ஐமாரா மொழிக்காரரும் சந்தித்துக்கொண்ட சந்தை எதுவும் இல்லை. பல ஆயிரம் வருஷம் பிரிந்து கிடந்த மொழிகளில் மற்ற சொற்களெல்லாம் உருத்தெரியாமல் மாறியிருக்க, இது மட்டும் துளிகூடத் தேயாமல் அப்படியே இருக்கிறது என்றால், அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம். பழைய பானை என்று விற்கிறார்கள், கீறல்கூட இல்லை என்றால் யோசிப்போம் அல்லவா?

சரி, பின்னே எப்படித்தான் வந்தது?

தொட்டிலில் இருந்து வந்தது.

ஐந்தாறு மாதக் குழந்தைக்கு வாயில் எளிதாக வரும் ஒலிகள் சிலதான். உதட்டை மூடித் திறந்தால் ப, ம. நாக்கு நுனி பல்லில் தட்டினால் த, ந. வாயை அகலத் திறந்தால் ஆ. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மம்மம்மா, பப்பப்பா, தத்தத்தா. குழந்தை யாரையும் கூப்பிடவில்லை. வாய் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் தொட்டில் பக்கத்தில் நிற்பவர்கள் சும்மா இருப்பார்களா? "ஏ, என்னயத்தான் கூப்பிடுது பாரு" என்று ஒருவர் ஓடிவருவார். வந்தவர் சிரித்தபடி அதே ஒலியைத் திருப்பிச் சொல்லுவார். குழந்தையும் திரும்பச் சொல்லும். சொல் ஒட்டிக்கொள்ளும்.

ஜார்ஜ் பீட்டர் மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் உலகமெங்கும் அம்மா, அப்பாவைக் குறிக்கும் 1,072 சொற்களைத் திரட்டினார். அதை வைத்துக்கொண்டு ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960 வாக்கில் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அம்மாவைக் குறிக்கும் சொற்களில் 55 விழுக்காட்டில் ம, ந, ங போன்ற மூக்கொலி இருந்தது. அப்பாச் சொற்களில் 15 விழுக்காடுதான். யாக்கப்சன் சொன்ன காரணம் அழகானது. பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் வாய் அடைத்திருக்கிறது. அந்த நேரத்தில் முனகினால் ஒலி மூக்கு வழியாகத்தான் வரும், அது ம மாதிரித்தான் கேட்கும். பிறகு பாலைப் பார்த்தாலும், பால் தருபவளைப் பார்த்தாலும், பசித்தாலும் அதே முனகல். அதனால் ம பெரும்பாலும் அம்மாவிடம் போகிறது, த-வும் ப-வும் மிச்சமிருக்கும் ஆண்களிடம் போகின்றன. நம் வீடுகளில் குழந்தைக்குச் சோறு 'மம்மம்'. ஜப்பானில் குழந்தைச் சோற்றுக்குப் பெயர் 'மன்மா'. ஜப்பானியர் நம்மிடம் சோறு கடன் வாங்கவில்லை.

இது பெரும்பான்மைதான், சட்டம் இல்லை. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'. முழுக்கத் தலைகீழ்.

ஆனால் ஏன் ஓரிடத்தில் அப்பா, ஓரிடத்தில் தாத்தா, ஓரிடத்தில் அக்கா?

ஒலியைக் குழந்தை தருகிறது, ஆளை வீடு முடிவு செய்கிறது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஏற்கெனவே பெயர் அமைந்துபோன மொழியில் த-வரிசை அடுத்த ஆளுக்குப் போகும். தமிழில் அம்மாவை ம-வும் அப்பாவை ப-வும் எடுத்துக்கொண்டன. திண்ணையில் குழந்தையை மடியில் வைத்திருந்த கிழவருக்குத் த கிடைத்தது. தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவது மூத்த அக்காக்கள்தானே, அவர்களுக்கும் கிடைத்ததில் என்ன ஆச்சரியம்? இந்த வரி மட்டும் என் ஊகம், ஆனால் ஐந்து தம்பிமாரை வளர்த்த என் பெரியம்மாவிடம் சொன்னபோது "பின்னே?" என்று ஒரே சொல்லில் ஏற்றுக்கொண்டாள்.

இதே விளையாட்டு மற்றச் சொற்களிலும் நடக்கிறது. காயல்பட்டினத்தில் காக்கா என்றால் அண்ணன். மராத்தியில் அப்பாவின் தம்பி. மற்ற நமக்கெல்லாம் பறவை. 'அம்மாயி' தெலுங்கில் சின்னப் பெண், மலையாளத்தில் மாமன் மனைவி, கொங்கு நாட்டில் அம்மாவைப் பெற்றவள். ஒரே திராவிடக் குடும்பம், மூன்று தலைமுறைப் பெண்கள்.

கால்டுவெல் இதையெல்லாம் பார்க்கவில்லையா?

பார்த்தார். நம் மாவட்டத்துத் தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில் 1841 முதல் இருந்து, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதி 1856இல் வெளியிட்டவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு குடும்பம் என்று இலக்கண அமைப்பை வைத்து அவர் நிறுவியது இன்றும் நிற்கிறது. ஆனால் அதே நூலில் திராவிட மொழிகளுக்கும் 'சித்தியம்' என்று அவர் சொன்ன பின்லாந்து, துருக்கி போன்ற மொழிகளுக்கும் உறவு காட்டப் போனார். அதற்கான சொற்பட்டியலில் அக்கா போன்ற உறவுச் சொற்களும் இடம்பெற்றன. பின்லாந்து மொழியில் 'அக்கா' என்றால் கிழவி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உறவு இன்று ஏற்கப்படுவதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. யாக்கப்சன் கட்டுரைக்கு அவருக்குப் பின் நூறு வருஷம் ஆனது. எலும்பும் சதையுமான இலக்கணத்தை வைத்துச் சொன்னது நின்றது, தொட்டில் சொல்லை வைத்துச் சொன்னது நிற்கவில்லை.

கொரிய மொழியில் அப்பாவுக்கு அப்பா, அம்மாவுக்கு ஒம்மா. நாடகத்தில் நானே கேட்டேன். இதுவும் தற்செயலா?

என் அக்கா மகள் கேட்டது. கொரிய நாடகம் பார்க்கும் எல்லாப் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

பழைய கேள்விதான் இது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதிவிட்டார். மற்ற ஒற்றுமைகளைத் தனியாக வாதிடலாம். ஆனால் அம்மா அப்பாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள், குறுக்கு விசாரணையில் விழுந்துவிடுவார்கள். கொரிய 'அப்பா'வை வைத்து உறவு என்றால், அரமேய மொழியில் இயேசு பிதாவை 'அப்பா' என்று அழைத்ததாக பைபிளில் இருக்கிறதே, அவர்களும் உறவா? ஸ்பெயின் எல்லையில் பாஸ்க் மொழியில் 'அமா' என்றால் அம்மா. மஞ்சூரிய மொழியில் 'அமா' என்றால் அப்பா. ஐஸ்லாந்தில் 'அம்மா' என்றால் பாட்டி. எல்லாரையும் சேர்த்தால் பந்தி போட இடம் இருக்காது.

சமஸ்கிருதத்தில் 'தாத' இருக்கிறதே. நம் தாத்தா அங்கிருந்து வந்ததா?

'தாத' என்றால் சமஸ்கிருதத்தில் அப்பா. அது தமிழுக்குத் 'தாதை' என்று வந்தது. கம்பராமாயணம் போன்ற நூல்களில் அப்பா என்ற பொருளில் பார்க்கலாம். இந்தியில் பெரியப்பாவை 'தாவூ' என்பதும், மராத்தியில் பெரியவர்களைத் 'தாத்யா' என்பதும் அந்த வழிதான்.

ஆனால் வீட்டில் சொல்லும் தாத்தாவுக்கு அந்தப் பாதை தேவையில்லை என்பது என் கருத்து. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'தாத' என்றால் தாத்தாதான், அப்பா இல்லை. தமிழில் இடையில் தனியாக வரும் த மெலிந்து ஒலிக்கும், வல்லொலி வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். அப்பா, அத்தா, அக்கா, பாட்டா, தாத்தா என்று நம் கூப்பிடு சொற்கள் எல்லாம் இப்படி இரட்டித்து ஆ-வில் முடிகின்றன. தெருமுனையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமே! உறவுப் பெயர்களைக் கூப்பிடும்போது ஐ ஆ ஆகலாம் என்று தொல்காப்பியமே விளிமரபில் சொல்கிறது. எங்கள் பக்கம் இன்றும் "எங்க அம்மை வந்தா" என்போம், கூப்பிடும்போது "அம்மா".

நம் பக்கம் பேரனையே 'தாத்தா', 'எய்யா' என்று கொஞ்சுகிறார்களே, அது என்ன கணக்கு?

பேரன் என்பது பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்று இருந்த வீடுகளில், அதே பெயர் வைத்த பிள்ளையை அவள் என்னவென்று கூப்பிடுவாள்? "எய்யா, வாய்யா, பால் குடிய்யா" என்றுதான். அந்த வழக்கம் போனபிறகும் கொஞ்சல் தங்கிவிட்டது.

சமஸ்கிருதத் 'தாத'வும் இப்படி இரண்டு பக்கமும் போகும். அப்பாவுக்கும் அது, பிள்ளைக்கும் சீடனுக்கும் அது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், நல்லது செய்பவன் கெட்டுப்போவதில்லை என்று சொல்லும் இடத்தில் கண்ணன் அர்ஜுனனைத் 'தாத' என்று கூப்பிடுகிறான். உரையில் 'அப்பனே' என்று போடுவார்கள். நெல்லைத் தமிழில் போட்டால் 'எய்யா'. அதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எனக்குத் தோன்றவில்லை.

ரவுடியைத் 'தாதா' என்பது?

அது வேறு வழி. இந்தியில் 'தாதா' அப்பாவின் அப்பா. வங்காளத்திலும் மராத்தியிலும் அண்ணன். பேட்டைக்குப் 'பெரியண்ணன்' என்ற பொருளில் பம்பாயில் ரவுடிக்குப் போய், நமக்குச் செய்தித்தாளும் சினிமாவும் வழியாக வந்தது. எழுத்தில் ஒரு த் குறைந்தால் ஆளே மாறிவிடுகிறார், தட்டச்சு செய்பவர்கள் கவனிக்கவும்.

'டாட்டா காட்டு' என்பதும், டாட்டா லாரியும்?

முதலாவது ஆங்கிலேயர் குழந்தைகளிடம் விடைபெறச் சொல்லும் சொல். இரண்டாவது குஜராத்தின் நவ்சாரியைச் சேர்ந்த பார்சிக் குடும்பத்தின் பெயர். இரண்டும் தாத்தாவுக்கு உறவு இல்லை.

ராவுத்தர்கள் அப்பாவை 'அத்தா' என்பது துருக்கியிலிருந்து வந்ததுதானே?

துருக்கியில் 'அத்தா' என்றால் தந்தை, மூதாதை. துருக்கியின் முதல் அதிபர் கெமாலுக்கு 1934இல் அதாதுர்க், அதாவது துருக்கியரின் தந்தை, என்று பெயர் வந்தது அதனால்தான். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து நண்பர்கள் பெருமையோடு சொல்லும் விளக்கம் இது. ஆனால் சுந்தரர் 'பித்தா பிறைசூடீ' என்று தொடங்கிய பாட்டிலேயே சிவனை 'அத்தா' என்று கூப்பிட்டுவிட்டார். நாலாம் நூற்றாண்டில் ஜெர்மானிய இனத்துக் கோத் மொழியில் பைபிளை எழுதியபோது 'எங்கள் பிதாவே' என்பதை 'அத்தா உன்சர்' என்றே எழுதினார்கள். சொல் இங்கேயே இருந்தது. துருக்கித் தொடர்பால் கொஞ்சம் கூடுதல் மவுசு கிடைத்திருக்கலாம்.

அந்தக் கொழும்புப் பையன் இப்போது எப்படிக் கூப்பிடுகிறான்?

வளர்ந்துவிட்டான். வீடியோ அழைப்பில் வருவான். என் சித்தப்பாவை 'சீயா' என்கிறான். முதல் தடவை கேட்டபோது "சீன்னுட்டானே எம் பேரன்" என்று அவருக்கு முகம் வாடிவிட்டது. இப்போது பழகிவிட்டது, அழைப்பு வந்தால் அவரே "சீயா பேசுதேன்" என்றுதான் எடுக்கிறார். சித்திக்கு மட்டும் அந்தக் கஷ்டமே இல்லை. சிங்களத்தில் பாட்டிக்கு என்ன சொல் தெரியுமா? ஆச்சி.